300 டூ-ஸ்ட்ரோக்கா, 350 ஃபோர்-ஸ்ட்ரோக்கா: டிரெயில் பைக் வாங்கும் முன்

டிரெயில் பைக் (காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் ஓட்டும் ஆஃப்-ரோடு பைக்) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் 250 டூ-ஸ்ட்ரோக்கையும் 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுகிறார்கள். சிசி ஒன்றுதானே, சரியான ஒப்பீடு என்று நினைப்பு. அங்கேயே கணக்கு தப்பிவிடுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு அதற்கு இரண்டு சுற்று வேண்டும். மோட்டோகிராஸ் (மண் டிராக் ரேஸ்) வகுப்புகளையே 250 டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிரே 450 ஃபோர்-ஸ்ட்ரோக், 125-க்கு எதிரே 250 ஃபோர்-ஸ்ட்ரோக் என்றுதான் பிரித்தார்கள். டிரெயிலில் நியாயமான ஜோடி என்றால் 300 டூ-ஸ்ட்ரோக்கும் 350 ஃபோர்-ஸ்ட்ரோக்கும்தான்.

இன்னொரு குழப்பம் நம்மூர்க்காரர்களுக்கே உரியது. டூ-ஸ்ட்ரோக் என்றதும் ஆர்எக்ஸ்100 ஞாபகம் வரும். கீழே சுமார், ஒரு கட்டம் தாண்டியதும் பிய்த்துக்கொண்டு போகும். அந்த ஞாபகத்தோடு இன்றைய 300 எண்டியூரோ (காட்டுப் பாதை ரேஸுக்கான) பைக்கில் ஏறினால் ஆச்சரியப்படுவீர்கள். கேடிஎம் 300-ன் போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டுமே 72 மிமீ. நீளமான ஸ்ட்ரோக், அதனால் கீழ் ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை. கூடவே பவர் வால்வு. சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துளையின் மேல் விளிம்பை, குறைந்த ஆர்பிஎம்மில் அது இறக்கி வைத்திருக்கும். ஆர்பிஎம் ஏற ஏற உயர்த்தும். ஒரே என்ஜின் கீழே டிராக்டர் மாதிரியும் மேலே ரேஸ் பைக் மாதிரியும் நடந்துகொள்வது இதனால்தான்.

டிராக்கில் ஃபோர்-ஸ்ட்ரோக் ஜெயித்தது பழைய செய்தி. 1997-ல் அமெரிக்க ரேசர் டக் ஹென்றி யமஹாவின் 400 ஃபோர்-ஸ்ட்ரோக்கில் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸை வென்றார். அடுத்த ஆண்டே அது ஒய்இசட்400எஃப் என்று கடைக்கு வந்தது. பத்தே வருடத்தில் ஹோண்டா தன் சிஆர் டூ-ஸ்ட்ரோக் வரிசையை மூடிவிட்டது. ஆனால் பாறையும் வேரும் செங்குத்து ஏற்றமுமான ஹார்டு எண்டியூரோவில் 300 டூ-ஸ்ட்ரோக்கை யாராலும் அசைக்க முடியவில்லை. ஆஸ்திரியாவின் இரும்புச் சுரங்க மலையில் நடக்கும் எர்ஸ்பெர்க் ரோடியோவில் பிரிட்டன் ஓட்டுநர் கிரஹாம் ஜார்விஸ் திரும்பத் திரும்ப வென்றது 300 டூ-ஸ்ட்ரோக்கில்தான். உடனே "அப்போ டூ-ஸ்ட்ரோக்தான்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதைவிட மெதுவான, அதைவிட நுணுக்கமான டிரையல்ஸில் (கால் ஊன்றாமல் தடைகளைத் தாண்டும் போட்டி), மற்ற பெரிய ஓட்டுநர்கள் பலரும் டூ-ஸ்ட்ரோக்கில் இருக்க, 2007 முதல் உலகப் பட்டத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும் டோனி போ ஓட்டுவது மொண்டெசாவின் ஃபோர்-ஸ்ட்ரோக்.

கைக்குத் தெரியும் வித்தியாசம்

பேப்பரில் எழுதிய எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். யமஹா ஒய்இசட்250எக்ஸ் டூ-ஸ்ட்ரோக் பெட்ரோலோடு சுமார் 104 கிலோ. டபிள்யூஆர்250எஃப் ஃபோர்-ஸ்ட்ரோக் சுமார் 115. கேடிஎம்மின் 300, 350 இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அதைவிடக் குறைவு. ஆனால் ஓட்டும்போது தெரிவது அதைவிட அதிகம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கேம்ஷாஃப்ட், வால்வு, செயின் எல்லாம் என்ஜினின் தலையில், உயரத்தில் இருக்கின்றன; உள்ளே சுழலும் பாகமும் அதிகம். வளைவில் பைக்கைச் சாய்க்கும்போதும், விழுந்த மரத்தைத் தாண்ட முன்சக்கரத்தைத் தூக்கும்போதும் அது தெரியும். மதியத்துக்கு மேல், பத்தாவது தடவை பைக்கைக் கீழிருந்து தூக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் த்ராட்டிலை மூடினால் என்ஜினே பிடித்து நிறுத்தும். இரண்டாவது கியரில் விட்டுவிட்டு முன் பிரேக்கை ஒரு விரலால் தொட்டபடி இறங்கலாம். வழுக்கும் களிமண்ணில் இதே குணம் தொல்லையாகவும் மாறும்: பின்சக்கரம் நின்று என்ஜின் ஆஃப் ஆகும், பைக் பக்கவாட்டில் போகும். ஐடில் ஸ்பீடைச் சற்று ஏற்றி வைத்தால் இது பாதி குறையும். டூ-ஸ்ட்ரோக்கில் என்ஜின் பிரேக்கிங் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல். நீண்ட மலை இறக்கங்களில் பின் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தொளதொளவென்று உள்ளே போவது டூ-ஸ்ட்ரோக்காரர்களுக்குப் பழகிய விஷயம்.

டூ-ஸ்ட்ரோக் இறக்கத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் என்ஜினுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். த்ராட்டில் மூடியிருக்க, கியரில் என்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டே நீண்ட தூரம் இறங்கினால் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் போதிய ஆயில் போகாது. கிளட்சைப் பிடித்து ஐடிலில் விடுங்கள், அல்லது அவ்வப்போது த்ராட்டிலைச் சின்னதாக ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

மெதுவான ஏற்றத்தில் என்ஜின் ஆஃப் ஆவதுதான் புதியவர்களை அதிகம் களைப்பாக்கும். 250 ரேஸ் ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் இதில் மோசம்: உயர் கம்ப்ரஷன், லேசான கிராங்க், கிளட்ச் ஒரு நொடி தாமதித்தால் "டப்" என்று நின்றுவிடும். 350 பரவாயில்லை. 300 டூ-ஸ்ட்ரோக் கடைசிவரை முக்கி முனகிக்கொண்டாவது போகும்; கிளட்சை ஒரு விரலால் லேசாகத் தொட்டால் திரும்ப எழும். தானாக விடும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் போட்டால் இரண்டிலுமே ஆஃப் ஆகும் பிரச்சினை தீரும். ஆனால் என்ஜின் நின்றுபோனால் கியர் போட்டு பைக்கை நிறுத்தி வைக்கவும் முடியாது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. செங்குத்தான இடத்தில் நின்றால் பிரேக்கை விட்டுவிடாதீர்கள்.

சரி, எதை வாங்குவது?

முதல் டிரெயில் பைக்கா? ரேஸ் வம்சத்தில் வந்த எதையும் வாங்காதீர்கள். ஹோண்டா சிஆர்எஃப்250எஃப், கவாசாகி கேஎல்எக்ஸ்230ஆர் மாதிரி ஏர்-கூல்டு ஃபோர்-ஸ்ட்ரோக் போதும். எடை 115, 120 கிலோ, சஸ்பென்ஷன் மெத்து. "இது சின்னப் பசங்க பைக்" என்று கடையில் யாராவது சொல்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம். ஆயிலை மாற்றி, ஏர் ஃபில்டரைக் கழுவி, எப்போதாவது வால்வைச் செக் செய்தால் வருடக்கணக்கில் ஓடும். ரேடியேட்டர் கிடையாது, அதனால் கல்லில் இடித்து ஓட்டையாவதற்கும் ஒன்றுமில்லை.

ஒற்றையடிப் பாதை, பாறைப் படுகை, வேர், நின்று நின்று ஏறும் ஏற்றம், இவைதான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை என்றால் 300 டூ-ஸ்ட்ரோக். கேடிஎம், ஹஸ்க்வர்னா, காஸ்காஸ், பீட்டா, ஷெர்கோ எதுவானாலும் உங்கள் ஊரில் பார்ட்ஸ் கிடைக்கும் பிராண்டை எடுங்கள். அகலமான காட்டு ரோடு, மணல், மூன்றாவது நான்காவது கியரில் நாள் முழுக்க, நடுநடுவே கொஞ்சம் ஒற்றையடிப் பாதை என்றால் 350 ஃபோர்-ஸ்ட்ரோக்கை அடிக்க ஆளில்லை. 450 டிரெயிலுக்குத் தேவையே இல்லை, பாலைவனத்தில் ஓட்டுபவர்களைத் தவிர. 125 டூ-ஸ்ட்ரோக் அருமையான பைக். ஆனால் ஆர்பிஎம்மை எப்போதும் மேலேயே வைத்திருக்கத் தெரிய வேண்டும், ஓட்டுபவர் 70 கிலோவுக்கு மேல் என்றால் ஏற்றத்தில் அழவைக்கும்.

பெட்ரோல் பங்க் தூரம் உங்களுக்கு முக்கியமா? கார்புரேட்டர் வைத்த 300 கடினமான பாதையில் லிட்டருக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் தந்தாலே சந்தோஷப்படலாம். இன்ஜெக்‌ஷன் வைத்த 350 அதைவிடச் சில கிலோமீட்டர் கூடத் தரும். கேடிஎம் 2018 மாடலில் கொண்டுவந்த டிபிஐ டூ-ஸ்ட்ரோக்குகள் இந்த இடைவெளியை நிறையவே குறைத்தன. அவற்றில் பெட்ரோல் சிலிண்டர் பக்கத்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் பீச்சப்படுகிறது, ஆயிலுக்குத் தனி டேங்க். 2024 மாடல் முதல் த்ராட்டில் பாடியிலேயே பீச்சும் முறைக்கு மாறிவிட்டார்கள். யமஹா இன்னும் கார்புரேட்டரை விடவில்லை. பழுதுபார்க்க அதுவே சுலபம் என்று அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மோட்டோகிராஸ் பைக்கை வாங்கி டிரெயிலுக்கு மாற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். பின்சக்கரம் 19 அங்குலம். டிரெயிலுக்கு வேண்டியது 18, டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் காற்றைக் குறைத்து ஓட்டினாலும் ரிம் அடிவாங்காது. சஸ்பென்ஷன் தாவிக் குதிக்க அமைத்தது, பாறையில் மணிக்கட்டை உடைக்கும். கியர்கள் நெருக்கமானவை. டேங்க் சின்னது. சைட் ஸ்டாண்டு இல்லை. ஸ்பார்க் அரெஸ்டர் (எக்ஸாஸ்ட் தீப்பொறியைத் தடுக்கும் வலை) இல்லை. ஹெட்லைட் போட, கரண்ட் தயாரிக்கும் ஸ்டேட்டரில் பவர் இல்லை. இத்தனையையும் மாற்றும் காசைக் கூட்டிப் பாருங்கள். எண்டியூரோ பைக்கே மலிவாக வந்து நிற்கும்.

டூ-ஸ்ட்ரோக்: கலவையும் ஜெட்டும்

கையேட்டில் சொன்ன பெட்ரோல்-ஆயில் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். யமஹா ஒய்இசட் வரிசைக்கு 30:1, கார்புரேட்டர் காலத்து கேடிஎம் 300-க்கு 60:1 என்று கம்பெனிகளே ஒன்றுக்கொன்று வேறாகச் சொல்கின்றன. 40:1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி, 10 லிட்டர் கேனுக்கு 250. 30:1 என்றால் அதே கேனுக்கு 333. 60:1-க்கு 167. கண்ணளவு வேண்டாம், அளவு குவளை வாங்குங்கள். முதலில் கேனில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோல். ஆயில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தர அளவுகோல்) எஃப்டி தரத்தில் இருக்கட்டும்.

ஆயிலைக் கூட்டினால் கலவை ரிச் ஆகும், அதாவது காற்றோடு சேரும் பெட்ரோல் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, என்ஜின் லீன் ஆகிறது. 60:1-லிருந்து 32:1-க்கு மாறினால் ஜெட்டையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஜெட் விஷயத்தில் எல்லாரும் மெயின் ஜெட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். அது வேலை செய்வது த்ராட்டில் முக்காலுக்கு மேல் திறந்தால்தான். டிரெயிலில் நீங்கள் அங்கே இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மூடியதிலிருந்து கால் த்ராட்டில் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும்; காலிலிருந்து முக்கால் வரை நீடில். இந்த இரண்டையும் சரியாக வைத்தால் பைக்கின் குணமே மாறிவிடும்.

ஏர் ஸ்குரூவுக்கு வழி இதுதான். என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஐடிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஸ்குரூவை மெதுவாக வெளியேயும் உள்ளேயும் திருப்பி, ஆர்பிஎம் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்துங்கள். முழுவதும் உள்ளே இருந்த நிலையிலிருந்து அது எத்தனை சுற்று வெளியே என்று எண்ணுங்கள். ஒன்றரை சுற்றுப் பக்கம் வந்தால் நல்லது. ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால் பைலட் ஜெட் சின்னது, ஒரு அளவு பெரிதாக்குங்கள். இரண்டரையைத் தாண்டினால் பைலட் பெரிது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: டூ-ஸ்ட்ரோக் கார்புரேட்டரில் இருப்பது ஏர் ஸ்குரூ, வெளியே திருப்பினால் லீன். பழைய ஃபோர்-ஸ்ட்ரோக் கார்புரேட்டரில் இருப்பது ஃபியூவல் ஸ்குரூ, வெளியே திருப்பினால் ரிச். இரண்டையும் குழப்பி நேர் எதிராகத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

உயரம் கூடினால் காற்று அடர்த்தி குறைகிறது, அதே ஜெட் ரிச் ஆகிறது. கடல் மட்டத்தில் செட் செய்த பைக்கைக் கொலராடோவின் டெய்லர் பார்க் பக்கம் 10,000 அடிக்குக் கொண்டுபோனால் புகையும், பிளக் கறுக்கும், ஏற்றத்தில் திக்கும். மெயின், பைலட் இரண்டையும் சிறிதாக்கி, நீடில் கிளிப்பை ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். ஏறும்போது செய்யாமல் விட்டால் எரிச்சல் மட்டும்தான். இறங்கி வந்தபின் திரும்ப மாற்ற மறந்தால் லீனில் ஓடி பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகி நின்றுவிடும். கேன் மூடியில் டேப் ஒட்டி, இப்போது உள்ளே இருக்கும் ஜெட் எண்ணை எழுதி வையுங்கள். இன்ஜெக்‌ஷன் பைக்குகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதற்கே கூடுதல் விலை தகும்.

கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் 10 சதவீதம், இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், பைலட் ஜெட்டின் நூல் துளையை முதலில் அடைக்கும். நான்கு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டர் அடி போல்ட்டைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

டாப் எண்டும் வால்வும்

"டூ-ஸ்ட்ரோக் மலிவு" என்ற பேச்சுக்கு அடிப்படை இந்த டாப் எண்ட், அதாவது பிஸ்டனும் சிலிண்டரும் இருக்கும் மேல்பகுதி. டிரெயில் வேகத்தில் ஓடும் 300-க்கு 80 முதல் 100 மணி நேரத்தில் பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பிஸ்டன், ரிங், பின், கிளிப், கேஸ்கட் செட், ஊசிப் பேரிங்: ஒரு மதிய நேர வேலை. கூலண்டை வடித்து, டேங்க், எக்ஸாஸ்ட், ஹெட் ஆகியவற்றைக் கழற்றி, பவர் வால்வு இணைப்பை விடுவித்து, சிலிண்டரை நேராக மேலே தூக்குங்கள். தூக்கிய கணமே கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும். கிளிப் தெறித்து உள்ளே விழுந்தால் மதிய வேலை ஒரு வார வேலையாகிவிடும்.

புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். ரிங்கின் வாய் பிஸ்டன் பள்ளத்திலுள்ள சின்ன ஆணியில் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அது விலகிய நிலையில் சிலிண்டரைத் திணித்தால் ரிங் உடையும். கிளிப் எப்போதும் புதியது, அதன் வாய் மேலே அல்லது கீழே பார்த்தபடி. சிலிண்டர் நிக்கசில் பூச்சு கொண்டது, நம்மூர் லேத்தில் போர் அடித்து ஓவர்சைஸ் போடும் வேலையெல்லாம் இங்கே கிடையாது. பூச்சு உரிந்திருந்தால் மறுபடி பூச அனுப்ப வேண்டும், அல்லது புதுச் சிலிண்டர். கழற்றியிருக்கும்போதே பவர் வால்வின் கரியையும் சுரண்டிவிடுங்கள். அது ஒட்டிக்கொண்டு திறந்தபடி நின்றால் கீழ் இழுவை போய்விடும். மூடியபடி நின்றால் மேலே ஏறாது.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் தினசரி வேலை குறைவு, ஆனால் விட்டுவிட்டால் பில் பெரிது. ரேஸ் வம்ச என்ஜின்களில் ஆயில் ஒரு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், அதுவே கிளட்சையும் கியரையும் குளிப்பாட்டுகிறது. டிரெயிலில் 10 முதல் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஃபில்டரோடு மாற்றுங்கள். ஜாசோ எம்ஏ2 தரம் இல்லாத கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டூ-ஸ்ட்ரோக்கிலும் கியர் பாக்ஸ் ஆயில் உண்டு, முக்கால் லிட்டர் அளவில். அதை அடியோடு மறந்துவிடுபவர்கள் பலர்.

வால்வுக்கு வருவோம். ஓட ஓட வால்வும் சீட்டும் தேய்ந்து வால்வு மேலே ஏறுகிறது, அதற்கும் கேமுக்கும் நடுவிலான இடைவெளி குறைகிறது. ஒரு கட்டத்தில் என்ஜின் சூடானதும் வால்வு முழுக்க மூடாது. காலையில் ஒரே தொடலில் ஸ்டார்ட் ஆகும் பைக், நடுப்பாதையில் விழுந்து எழுந்தபின் ஸ்டார்ட் ஆக மறுத்தால் பேட்டரியைத் திட்டும் முன் வால்வைப் பாருங்கள். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, கேம் மூக்குகள் வால்விலிருந்து விலகிப் பார்த்திருக்க, ஃபீலர் கேஜை நுழைத்து அளக்க வேண்டும். கேடிஎம் 350-க்கு இன்டேக் 0.10 முதல் 0.15 மிமீ, உங்கள் மாடலுக்கு உரியதைக் கையேட்டில் பாருங்கள்.

அளந்தது 0.06 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஷிம் (வால்வின் மேல் உட்காரும் சின்னத் தகடு) 2.00 மிமீ. வேண்டிய இடைவெளி 0.12. பழைய ஷிம்மோடு அளந்ததைக் கூட்டி, வேண்டியதைக் கழியுங்கள்: 2.00 + 0.06 - 0.12 = 1.94. கடையில் கிடைப்பது 1.95, அதைப் போட்டால் இடைவெளி 0.11, எல்லைக்குள். கேம்ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் செயின் குழியைத் துணியால் அடைத்துவிடுங்கள், ஷிம் அதற்குள் விழ ஆசைப்படும். ஒவ்வொரு முறையும் ஷிம் எண்களைத் தேதியோடும் மணிநேர மீட்டரோடும் குறித்து வைக்க வேண்டும். அடுத்த 20, 30 மணி நேரத்திலேயே மறுபடி இறுகினால் டைட்டானியம் வால்வின் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். இனி ஷிம் மாற்றிக்கொண்டிருப்பது வீண், வால்வையே மாற்ற வேண்டும், சீட்டையும் வெட்டிச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு டூ-ஸ்ட்ரோக் டாப் எண்டைப் போல மூன்று நான்கு மடங்கு வரும்.

இந்தத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஏர் ஃபில்டர். தூசி போனால் டூ-ஸ்ட்ரோக்கில் ரிங் போகும், ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இன்டேக் வால்வு போகும். முன்னால் போகும் பைக்கின் தூசியை நாள் முழுக்கக் குடித்திருந்தால் அன்று இரவே கழுவுங்கள். காய்ந்ததும் ஃபில்டர் ஆயில் ஊற்றி, பஞ்சு முழுக்க ஒரே நிறமாகும் வரை பிசையுங்கள். விளிம்பில் கிரீஸ் தடவி உட்கார வையுங்கள்.

கொதித்தால், மூழ்கினால்

மெதுவான ஏற்றத்தில் கிளட்சைத் தேய்த்துக்கொண்டே நின்றால் இரண்டுமே கொதிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் சீக்கிரம் கொதிக்கும். சில மாடல்களில் ரேடியேட்டர் விசிறி கூடவே வரும், இல்லாவிட்டால் வாங்கிப் போடுங்கள். அழுத்தம் கூடிய ரேடியேட்டர் மூடி கொதிநிலையை உயர்த்தும், ஆனால் பழைய ஹோஸ் தாங்காது. ஆவி வரும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

ஓடையில் பைக் விழுந்து என்ஜின் நின்றுவிட்டதா? செல்ஃப் பட்டனில் கை வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோலை மூடி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பைக்கைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி எக்ஸாஸ்ட்டை வடியுங்கள். டூ-ஸ்ட்ரோக் என்றால் பைக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, கியரில் பின்சக்கரத்தைச் சுற்றுங்கள். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியடித்து வரும். ஏர் பாக்ஸைத் துடைத்து, ஃபில்டரைப் பிழிந்து, கார்புரேட்டர் அடியை வடித்து, புது பிளக் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிளம்பலாம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இதையெல்லாம் செய்துவிட்டு ஆயில் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால் அங்கேயே மாற்ற வேண்டும், வீட்டுக்கு வந்து மறுபடி ஒருமுறை. ஓடைகள் நிறைந்த பாதைக்குப் போகும்போது ஒரு லிட்டர் ஆயிலைப் பையில் வைத்திருப்பது ஃபோர்-ஸ்ட்ரோக்காரர்களுக்குக் கட்டாயம்.

டூ-ஸ்ட்ரோக்கின் பலவீனம் கீழே வெளியே துருத்தி நிற்கும் எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது வயிறு பெருத்த எக்ஸாஸ்ட் குழாய். அதன் வடிவம்தான் பவரைத் தீர்மானிக்கிறது. கல்லில் அடிபட்டு உள்வாங்கினால் இழுவை குறையும். வாங்கிய அன்றே கார்டு போடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது

விற்பவர் என்ஜினை முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும் வரை உட்காருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கின் பாதிக் கதை அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில் தெரிந்துவிடும். ஷிம் எண் குறித்த தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வால்வு வேலைக்கான காசை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

டூ-ஸ்ட்ரோக்கில் த்ராட்டிலை முறுக்கி விட்டதும் ஆர்பிஎம் சட்டென்று இறங்காமல் மேலேயே தொங்கினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. பெரும்பாலும் மேக்னட்டோ பக்கத்துக் கிராங்க் சீல். அது லீனாக்கி பிஸ்டனைத் தின்றுவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் அடையாளம் வேறு: சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, குறைந்துகொண்டே போகும் கியர் ஆயில். சைலன்சர் முனையில் கறுப்பாக எண்ணெய் வடிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெதுவாக ஓட்டிய ரிச் பைக்குகளில் அது சகஜம். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தடக் என்று சத்தம் வந்தால் பின் சஸ்பென்ஷனின் லிங்கேஜ் பேரிங்குகள் காய்ந்துவிட்டன.

அமெரிக்காவில் வாங்குபவர்கள் காகிதத்தையும் பாருங்கள். தேசியக் காடுகளில் ஓட்ட ஸ்பார்க் அரெஸ்டர் கட்டாயம், டூ-ஸ்ட்ரோக்குக்கும்தான். கலிபோர்னியாவில் 1986-லிருந்து தயாரான ஆஃப்-ரோடு பைக்குகளுக்கு ஒலி எல்லை 96 டெசிபல். அங்கே 2022 மாடலிலிருந்து, புகைச் சான்று இல்லாத ரேஸ் பைக்குகளைப் பொதுப் பாதையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. புதிய டூ-ஸ்ட்ரோக்குகளில் பெரும்பாலானவை இதில் மாட்டும். ஹாலிஸ்டர் ஹில்ஸ் மாதிரி ஆஃப்-ரோடு பூங்காவில் ஓட்டலாம் என்று வாங்கினால், டிஎம்வியில் (வாகனப் பதிவு அலுவலகம்) திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மாடல் ஆண்டையும் ஸ்டிக்கர் நிறத்தையும் பார்த்துவிடுங்கள். புகைச் சான்று உள்ள பைக்குக்குத் தரும் பச்சை இருந்தால் பேரத்தை ஆரம்பிக்கலாம்.